தலைவரை நம்பாத பேராசிரியர்

செட்ரிக் ரொபின்சன் கலாநிதிப் பட்டத்துக்கான தன்னுடைய ஆய்வை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்தபோது, அதை வாசித்த பேராசிரியர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிழை என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று கையெழுத்துப் போடவும் மனம் வரவில்லை. இதை மதிப்பிடுகிற தகுதி எங்களுக்கு இல்லை என்று சொல்லிச் சிலர் குழுவிலிருந்தே விலகிக்கொண்டார்கள். ஆய்வு வருடக்கணக்கில் இழுபட்டது. சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக அவர் சொன்ன பிறகுதான், 1970களின் நடுப்பகுதியில், பட்டம் கைக்கு வந்தது.

அப்படி என்ன எழுதியிருந்தார்? தலைமைத்துவம் பற்றி. ஒரு சமூகம் ஒழுங்காக இயங்க வேண்டும் எண்டால் மேலே ஒருவர் இருக்க வேண்டும் என்று நாங்கள் ஏன் இவ்வளவு உறுதியாக நம்புகிறோம்? இதுதான் அவருடைய கேள்வி. அரசறிவியல் படிக்கிற எவரும் அதிகாரம், அரசு, தலைமை என்ற சொற்களிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்தச் சொற்களுக்கு அடியில் இருப்பது விஞ்ஞானம் இல்லை, ஒரு பழைய நம்பிக்கை என்றார் ரொபின்சன். மீட்பர் ஒருவர் வருவார், குழப்பத்துக்குள்ளிருந்து எங்களை வெளியே எடுப்பார் என்கிற மதநம்பிக்கை, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் வந்து அரசறிவியல் ஆகிவிட்டது. இதற்கு எதிர் உதாரணமாக ஸாம்பியாவின் டொங்கா மக்களைக் காட்டினார். மையப்படுத்தப்பட்ட அரசு இல்லாமல், உறவுமுறைகளாலும் பரஸ்பரக் கடமைகளாலும் வாழ்க்கையைக் கொண்டு நடத்திய சமூகம் அது. அரசு இல்லாத இடத்தில் குழப்பம்தான் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் யார் என்பதுதான் அவர் கேட்டது. 1980இல் ‘ஒழுங்கின் நிபந்தனைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அந்த ஆய்வு நூலாக வந்தது.

‘தலைவர்’ என்ற சொல் எங்கட ஊரில் எவ்வளவு பாரமானது என்று சொல்லத் தேவையில்லை. அதனாலேயே ரொபின்சனை இங்கே இருந்து வாசிக்கும்போது கொஞ்சம் நெஞ்சு இடிக்கத்தான் செய்யும். அந்தக் கதையை இந்தக் கட்டுரைக்குள் இழுக்கப்போவதில்லை. கேட்க வேண்டியது வேறொன்று. 2016 யூன் 5ஆம் திகதி, 75 வயதில் ரொபின்சன் காலமானார். அதற்குப் பிறகு, குறிப்பாக 2020 மே மாதம் ஜோர்ஜ் ஃப்ளொய்ட் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின் காலத்தில், அவருடைய பெயர் எல்லா இடமும் வரத் தொடங்கியது. ‘இனவாத முதலாளித்துவம்’ என்ற சொற்றொடரை மேற்கோள் காட்டாத கருத்தரங்கு இல்லை எண்டு ஆகிவிட்டது. பெரிய மனிதர்களால் வரலாறு நகர்கிறது என்பதை வாழ்நாள் முழுக்க மறுத்த ஒருவரை, இன்னொரு பெரிய மனிதராக்கி மாலை போட்டால், அவரை வாசித்ததாக ஆகுமா?

அவருடைய கதையை அவருடைய தாத்தாவிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். வின்ஸ்டன் வைட்சைட் என்ற அந்த மனிதரைக் குடும்பத்தில் ‘கேப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரத்தில் இருந்தவர். மனைவி சிசிலியா அங்கே ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். ஹோட்டலின் வெள்ளை முகாமையாளன் அவரிடம் பாலியல் ரீதியாக அத்துமீற முயன்றபோது கேப் நேரே போய் அவனை அடித்து நொறுக்கினார். அடித்ததோடு விடாமல் ஹோட்டலின் குளிரறைக்குள் தொங்கவிட்டு வந்தார் என்பது குடும்பத்தில் சொல்லப்படுகிற கதை. ஒரு கறுப்பின ஆண் வெள்ளைக்காரனை முறைத்துப் பார்த்தாலே மரத்தில் தூக்கிவிடுகிற காலம் அது. கேப் ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. போய்ச் சேர்ந்த இடம் கலிபோர்னியாவின் ஒக்லண்ட். அங்கேதான் 1940 நவம்பர் 5ஆம் திகதி பேரன் செட்ரிக் பிறந்தார்.

கேப் எந்த இயக்கத்திலும் தலைவராக இருந்தவர் இல்லை. அவருக்குச் சிலையும் இல்லை. ஆனால் பின்னாளில் ரொபின்சன் எழுதிய ஒவ்வொரு நூலிலும் இப்படியான ஆட்களைத்தான் தேடினார் எண்டு எனக்குப் படுகிறது. ஆவணங்களில் பெயர் இல்லாத, ஆனால் ஒரு கட்டத்தில் ‘இதுக்கு மேல ஏலாது’ என்று நிமிர்ந்த மனிதர்கள்.

பெர்க்லியில் படிக்கும்போது, 1961இல் கியூபா மீதான பிக்ஸ் வளைகுடாப் படையெடுப்பை எதிர்த்து அனுமதியில்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தியதற்காக ரொபின்சனைப் பல்கலைக்கழகம் ஒரு தவணைக்கு இடைநிறுத்தியது. அடுத்த வருடம் ஒரு மாணவர் திட்டத்தினூடாகத் தென் ரொடீசியாவுக்குப் போனார். இன்றைய ஸிம்பாப்வே. பிறகு இராணுவ சேவை, மேற்படிப்பு, மிச்சிகன், பிங்ஹம்டன் என்று விரிவுரையாளர் வேலைகள். 1970களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்துக்கு வந்து, கறுப்பினக் கற்கைகள் மையத்தின் பணிப்பாளரானார். கடைசிவரை அவருடைய இடம் அதுதான்.

1983இல் லண்டனின் ஸெட் பதிப்பகம் அவருடைய பெரிய நூலை வெளியிட்டது: ‘கறுப்பு மார்க்சியம்’. தலைப்பைப் பார்த்துவிட்டு, கறுப்பினத்தவர் மார்க்சியர்களான கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான். மார்க்சியத்துக்குக் கறுப்புச் சாயம் பூசுகிற வேலையை அவர் செய்யவில்லை. மார்க்சியம் வருவதற்கு முன்பே, அது தெரியாமலே, வேறொரு இடத்திலிருந்து ஒரு புரட்சிகர மரபு உருவாகி வந்தது என்பதுதான் நூலின் வாதம்.

முதலில் ஐரோப்பாவைப் பற்றிய பகுதி. முதலாளித்துவம் நிலவுடைமையை உடைத்துக்கொண்டு பிறந்தது, பழைய வேறுபாடுகளை எல்லாம் கரைத்து எல்லோரையும் வெறும் தொழிலாளி, முதலாளி என்று ஆக்கிவிடும் என்று மார்க்சும் எங்கெல்சும் எதிர்பார்த்தார்கள். ரொபின்சன் அதை ஏற்கவில்லை. ஆபிரிக்கரைச் சந்திக்கும் முன்னரே ஐரோப்பா தனக்குள்ளேயே மனிதரை இனங்களாகப் பிரித்து வைத்திருந்தது. ஐரிஷ்காரர், யூதர், ரோமா மக்கள், ஸ்லாவியர் என்று கீழே தள்ளப்பட்டவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கிற சொல்லே ஸ்லாவியர் என்ற இனப்பெயரிலிருந்து வந்ததுதான். முதலாளித்துவம் இந்தப் பழக்கத்தோடுதான் வளர்ந்தது. அது வேறுபாடுகளைக் கரைக்கவில்லை, கூர்மையாக்கியது. யாருடைய உழைப்புக்கு எவ்வளவு விலை, யாருடைய உயிர் மலிவு என்று தீர்மானிக்க அதற்கு இனம் தேவைப்பட்டது. மன்செஸ்டர் ஆலைகளில் ஆங்கிலேயத் தொழிலாளியும் ஐரிஷ் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஏன் ஒரே வர்க்கமாக உணரவில்லை என்ற கேள்விக்கு அவருடைய பதில் இங்கேதான் இருக்கிறது.

இதைத்தான் இனவாத முதலாளித்துவம் என்கிறோம். சொல் அவர் கண்டுபிடித்ததில்லை. 1970களில் தென்னாபிரிக்காவின் நிறவெறிப் பொருளாதாரத்தைப் பற்றி விவாதித்த இடதுசாரிகள் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் ஒரு நாட்டின் நிலைமையை விளக்க எடுத்த சொல்லை, முதலாளித்துவத்தின் முழு வரலாற்றுக்குமானது என்று ரொபின்சன் விரித்தார். இன்றைக்குச் சமூக ஊடகத்தில் இந்தச் சொல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், நூல் இதோடு முடிந்துவிட்டது எண்டுதான் கனபேர் நினைக்கிறார்கள் போல. இது வாசல் மட்டும்தான்.

நூலின் உயிர் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அத்திலாந்திக் அடிமை வர்த்தகத்தில் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் ஆபிரிக்கர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். கிட்டத்தட்ட 20 இலட்சம் பேர் கடலிலேயே இறந்துபோனார்கள். வரலாற்று நூல்கள் இந்த மக்களை எண்ணிக்கையாகவும் உழைப்புச் சக்தியாகவும்தான் எழுதி வந்தன. சுரண்டலைக் கண்டித்து எழுதியவர்களும் அப்படித்தான். ரொபின்சன் கேட்டது எளிமையான ஒன்று: அந்தக் கப்பல்களில் வேறு என்ன ஏறியது? மொழிகள் ஏறின. கடவுளர் ஏறினார்கள். நல்லது கெட்டது பற்றிய எண்ணங்கள், இறந்தவர்களோடு உயிரோடிருப்பவர்களுக்குள்ள உறவு, நிலத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நியாயங்கள் எல்லாம் ஏறின. உடம்பை விலங்கிட்டவர்கள் அதை இறக்கிவைக்க மறந்துபோனார்கள், அல்லது அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அடிமைகளின் கிளர்ச்சி இதிலிருந்துதான் எழுந்தது என்கிறார். பிரேசிலில் தப்பியோடியவர்கள் கட்டிய பல்மாரிஸ் 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தாக்குப்பிடித்து நின்றது. 1694இல்தான் அதை வீழ்த்த முடிந்தது. ஜமேய்க்காவின் மலைகளில் மரூன்கள் இருந்தார்கள். 1791 ஓகஸ்ட்டில் சான் டொமிங்கில் கரும்புத்தோட்டங்கள் எரியத் தொடங்கி, 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டி என்ற நாடு பிறந்தது. வேர்ஜினியாவில் 1831இல் நாட் டேர்னர் வானத்தில் அடையாளங்களைக் கண்டு எழுந்தார்.

இவற்றில் மற்ற வரலாற்றாசிரியர்கள் கூச்சத்தோடு கடந்துபோகிற இடங்களில்தான் ரொபின்சன் நின்று பார்க்கிறார். உதாரணமாக, 1856–57இல் தென்னாபிரிக்காவில் ஹோசா மக்கள் தங்கள் மாடுகளைத் தாங்களே கொன்றார்கள். நொங்கவூசே என்ற இளம்பெண்ணுக்கு முன்னோர்கள் தோன்றி, மாடுகளைக் கொன்று தானியத்தை அழித்தால் இறந்தவர்கள் எழுந்து வருவார்கள், வெள்ளையர் கடலுக்குள் தள்ளப்படுவார்கள் என்று சொன்னார்களாம். பத்தாயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். நவீன மனதுக்கு இது மூடநம்பிக்கை, தற்கொலை. ரொபின்சனுக்கு இது வேறு. தங்களை வரையறுத்த உலகத்தை எதிரியின் கையில் கொடுப்பதைவிட அதை முழுமையாக விட்டுவிட மக்கள் முடிவெடுத்தார்கள் என்று அவர் வாசிக்கிறார். அவருடைய கணிப்பில் இந்த மரபு பொருளாதாரக் கணக்கிலிருந்து பிறக்கவில்லை. தங்கள் கூட்டு இருப்பை, தாங்கள் யார் என்பதை, காப்பாற்றிக்கொள்கிற முயற்சியிலிருந்து பிறந்தது.

இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. பட்டினியால் இறந்த குழந்தைகள் எந்த முடிவும் எடுக்கவில்லையே. மாட்டைக் கொல்ல மறுத்த ஹோசாக்களும் இருந்தார்கள். அவர்களும் அந்த மக்கள்தானே? ஒரு மக்களின் ஆன்மாவைப் பற்றிப் பேசும்போது அந்த மக்களுக்குள்ளே இருந்த சண்டைகள் மறைந்துபோகிற ஆபத்து ரொபின்சனிடம் உண்டு. ‘நாங்கள் ஒரே மக்கள்’ என்ற பேச்சு உள்ளுக்குள் இருக்கிற யாருடைய வாயை அடைக்கும் என்று பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி பெறுமதியானது. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும்தான் புரட்சி உணர்வு வரும், மற்றவர்கள் எல்லாம் அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்கிறார்கள் என்று சொல்லுகிற கோட்பாடு, ஹெயிட்டியை எங்கே வைக்கும்?

மூன்றாம் பகுதியில் மூன்று எழுத்தாளர்கள் வருகிறார்கள். டூ போய்ஸ், சி.எல்.ஆர். ஜேம்ஸ், ரிச்சர்ட் ரைட். மூவரும் மார்க்சியத்துக்குள் போனவர்கள். போய்ப் பார்த்தபோது, தங்கள் மக்கள் செய்த வரலாறு அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்று கண்டவர்கள். டூ போய்ஸ் 1935இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதிய நூலில், தோட்டங்களைவிட்டு இலட்சக்கணக்கில் வெளியேறிய அடிமைகள் செய்தது ஒரு பொது வேலைநிறுத்தம் என்றார். ஏறத்தாழ 2 இலட்சம் கறுப்பினத்தவர் வடபகுதிப் படைகளில் சேர்ந்தார்கள். லிங்கன் விடுதலை கொடுத்தார் என்ற பாடப்புத்தகக் கதை அதோடு ஆட்டம் காண்கிறது. ஜேம்ஸ் 1938இல் ஹெயிட்டிப் புரட்சியைப் பற்றிய நூலை எழுதினார். ரைட் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருந்து, கசந்து, வெளியே வந்த நாவலாசிரியர். படித்த இந்த மூவரும் மரபைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்த மரபிடம் வந்து சேர்ந்தார்கள் என்பது ரொபின்சனின் கணிப்பு. அடிமைகள்தான் முன்னுக்கு, அறிவுஜீவிகள் பின்னுக்கு. அந்த முதல் ஆய்வின் கேள்வி வேறு உருவத்தில் திரும்ப வந்திருக்கிறது என்று இங்கே விளங்கும்.

மூவரும் ஆண்கள் என்பதையும் சொல்லாமல் போக ஏலாது. அடிமை வாழ்வில் கிழங்கு நட்டது, பிள்ளை வளர்த்தது, பாட்டும் மருந்தும் கதையும் கடத்தியது பெரும்பாலும் பெண்கள். மரபு கைமாறியது அவர்களுடைய கைகளாலே என்றால், அவர்கள் ஏன் நூலின் மையத்தில் இல்லை? கறுப்பினப் பெண்ணியவாதிகள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் நூலைத் தூக்கியெறியவில்லை, அதை வைத்துக்கொண்டே மேலே வேலை செய்தார்கள். ஒரு ஆசிரியருக்குச் செய்யக்கூடிய மரியாதை அப்படித்தான் இருக்கும் போல.

நூல் வந்த புதிதில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அரசறிவியல் துறை கண்டுகொள்ளவில்லை, மார்க்சியர்களுக்கு எரிச்சல். ரொபின் கெலி அப்போது கலிபோர்னியாவில் ஒரு பட்டப்பின்படிப்பு மாணவர். மாணவர் சஞ்சிகை ஒன்றுக்கு மதிப்புரை எழுதக் கிடைத்த பிரதியை வாசித்துத் திகைத்துப்போய், கடைசிவரை மதிப்புரையே எழுதாமல் விட்டுவிட்டார். பிறகு ரொபின்சனைத் தன் ஆய்வுக்கு வழிகாட்டியாக்கிக்கொண்டார். 2000ஆம் ஆண்டு வட கரோலினாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலை மறுபடி கொண்டுவந்தபோது முன்னுரை எழுதியவர் அவர்தான். இடைப்பட்ட காலத்தில் அந்த நூல் கைகளால்தான் நகர்ந்தது. நிழற்பிரதிகள், இரவல் பிரதிகள்.

இந்த இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்தவரும் வருகிறார். அம்பலவாணர் சிவானந்தன், 1923இல் பிறந்தவர், மலையகத்தில் கொஞ்சக்காலம் ஆசிரியராகவும் பிறகு இலங்கை வங்கியிலும் வேலை செய்தவர். 1958 இனக்கலவரத்தைக் கண்டு நாட்டைவிட்டு லண்டனுக்குப் போனார். போய் இறங்கிய நேரம் அங்கே நொட்டிங் ஹில்லில் கரிபியன் மக்களை வெள்ளையர் தாக்கிக்கொண்டிருந்தார்கள். இனத்துவ உறவுகள் நிறுவகத்தில் நூலகராகச் சேர்ந்த சிவானந்தன், 1972இல் அந்த நிறுவனத்தை அதன் பணக்காரப் பணிப்பாளர்களிடமிருந்து ஊழியர்களும் உறுப்பினர்களும் கைப்பற்றியபோது முன்னணியில் நின்றார். அதன் சஞ்சிகையான ‘ரேஸ்’, 1974இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ ஆனது. இனமும் வர்க்கமும். ரொபின்சன் 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் இந்த வட்டத்தோடு சேர்ந்தார். சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தார், அதில் எழுதினார். 2005இல் அவருடைய சிந்தனைக்கென்றே அது ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

சிவானந்தனுக்குக் கறுப்பு என்பது தோலின் நிறமில்லை, அரசியல் நிறம். ஆசியரும் ஆபிரிக்கரும் கரிபியரும் பிரித்தானியாவில் ஒன்றாக நின்று போராடிய காலத்தின் சொல் அது. ‘கறுப்பு மார்க்சியம்’ வந்த 1983, எங்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாத வருடம். அடுத்த வருடமே ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இலங்கையைப் பற்றி ஒரு முழு இதழை வெளியிட்டது. எங்கட இனப்பிரச்சினையைப் பொருளாதாரத்தோடும் காலனியத்தோடும் சேர்த்துப் பார்க்க முயன்ற எழுத்துகள், ரொபின்சனின் கட்டுரைகள் வந்த அதே பக்கங்களில் வந்தன என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டத் தொழிலாளரை 1948இல் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கிவிட்டு, அதே ஆட்களின் உழைப்பில் அந்நியச் செலாவணி தேடிய நாட்டில் இருந்துகொண்டு, இனமும் மூலதனமும் எப்படிக் கைகோர்க்கின்றன என்பதை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்த பாடமாகப் படிக்கத் தேவையில்லை.

ரொபின்சனின் மற்ற வேலை எந்த நூற்பட்டியலிலும் வராது. 1980இல், கோரி டுபின் என்ற மாணவரோடு சேர்ந்து, சாண்டா பார்பரா வளாக வானொலியில் ‘மூன்றாமுலகச் செய்தி மீள்பார்வை’ என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். பெரிய ஊடகங்கள் ஆபிரிக்காவையும் மத்திய அமெரிக்காவையும் மத்திய கிழக்கையும் பற்றி என்ன சொல்லுகின்றன, என்ன சொல்லாமல் விடுகின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கதைப்பதுதான் நிகழ்ச்சி. அவருடைய மனைவி எலிசபெத் ரொபின்சனும் அதில் பங்கெடுத்தார். பிறகு அது சமூகத் தொலைக்காட்சிக்கும் போனது. பல பத்தாண்டுகள் நடந்தது. உலகப் புகழ்பெற்ற நூலை எழுதிய பேராசிரியர், ஒரு சின்னக் கரையோர நகரத்தின் சில நூறு, சில ஆயிரம் பேருக்காக உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியில் அவர் ஒருவர் மட்டும் பேசுவதும் கிடையாது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள்.

அவருடைய நூலைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று: முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் மத்தியகால ஐரோப்பிய வணிகர்களுக்குள் மாட்டுப்பட்டு மூச்சுத்திணறும். அவருடைய ஆங்கிலமும் இலகுவானதில்லை, வசனங்கள் நீளம். இரண்டாம் பகுதியில், கிளர்ச்சிகளைப் பற்றிய அத்தியாயங்களில் தொடங்குங்கோ. தனியாக இல்லாமல் நாலு பேர் சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லம். ஹோசா மாடுகளின் இடம் வரும்போது கட்டாயம் சண்டை வரும்.